ஏகமனதாக அல்ல: பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து பிலடெல்பியாவுக்கு

ஜூலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு என் கணவர் என்னையும் செல்வியையும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, சண்டை கிண்டை போடாமல் வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டிலிருந்து நிலையம் நாலு மைல்கூட இல்லை. வாரநாட்களில் நியூயார்க் போகிற கூட்டம் நெருக்கியடிக்கும் இடம். நாங்கள் நின்றது எதிர்ப்பக்கத்தில், தெற்கே போகிற வண்டிக்காக. அங்கே எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அந்த நேரத்திலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. திருச்சியில் பிறந்து வளர்ந்த நானே நிழல் தேடி ஒதுங்கினேன்.

செல்வி கரூர்க்காரி. மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. அடுத்த மாதம் அவளுக்குக் குடியுரிமை நேர்காணல். அதற்கான கேள்வி பதில்களைக் கரைத்துக் குடித்துவிட்டாள். எல்லாம் தெரிகிறது, ஆனால் அந்த அறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மனசில் நிற்கும் என்றாள். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ததும், பிறகு அரசியல் சட்டத்தை எழுதியதும் ஒரே அறையில். அது பிலடெல்பியாவில் இருக்கிறது, இங்கிருந்து சுமார் நாற்பத்தைந்து மைல். நானும் வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். எனக்குச் சரித்திரத்தில் அப்படியொன்றும் ஆர்வம் கிடையாது. போகிற வழியில் அவளைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதற்குச் சம்மதம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தமிழ்ச் சங்கங்கள் இரண்டு. பெரியதில் முந்நூறு குடும்பம், எங்களுடையதில் முப்பது. எங்கள் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளி நடத்துகிறது. செல்வியும் அதில் ஒரு டீச்சர். அதற்கு இடம் கொடுத்துவந்த தேவாலயம் தன் கூடத்தை இடித்துக் கட்டப்போகிறது. செப்டம்பரில் பள்ளி திறக்க இடமில்லை. பெரிய சங்கத்திடம் வசதியான பள்ளிக்கூடக் கட்டடம் வாடகைக்கு இருக்கிறது. இரண்டு பள்ளிகளையும் இணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் மாலைக்குள் நாங்கள் முடிவு சொல்லியாக வேண்டும். செயற்குழுவில், கூட்டம் நடத்துகிற என்னையும் சேர்த்து, ஒன்பது பேர். எட்டுப் பேர் சரி என்றார்கள். செல்வி மட்டும் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மற்ற இடமாக இருந்தால் எட்டுக்கு ஒன்று, விஷயம் முடிந்தது. எங்கள் சங்கத்தில் அப்படி முடியாது. பெரிய சங்கத்தோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்தவர்கள் நாங்கள். இனிமேல் சண்டையே வரக்கூடாது என்று, எல்லா முடிவும் ஏகமனதாகவே எடுக்கப்பட வேண்டும் என முதல் விதியாக எழுதிவைத்தோம். அதை எழுதியபோது எல்லோரும் கைதட்டினோம். அதன் பலன், பொங்கல் விழாவுக்கு மதியச் சாப்பாடா இரவுச் சாப்பாடா என்று முடிவெடுக்க ஒரு மாதம் ஆகும். யாராவது மறுத்தால் அவர் வீட்டுக்கு இரண்டு பேர் இனிப்போடு போய் உட்கார்ந்து, அவர் தலையசைக்கும்வரை எழுந்திருக்கமாட்டோம். அன்று நான் எடுத்துப் போனது ஒரு டப்பா மைசூர்பாகு.

ரயில் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ராகவன் சார் வந்து சேர்ந்தார். பெரிய சங்கத்தின் செயலாளர். மாம்பலத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. நான்தான் அவரை வரச்சொல்லியிருந்தேன். செல்வி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நல்லா இருக்குதுங்க்கா உங்க டூர்” என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ட்ரென்டன்வரை கால் மணி நேரப் பயணம். அங்கே இறங்கி, பிலடெல்பியா போகும் வேறு ரயிலில் ஏற வேண்டும். டிக்கெட்டும் வேறு. ஏறி உட்கார்ந்த சில நிமிடங்களில் டெலவேர் ஆறு வந்தது. பக்கத்துப் பாலத்தில், ட்ரென்டன் தயாரிப்பதை உலகம் வாங்கிக்கொள்கிறது என்ற பொருளில் ஆளுயரத்துக்கும் பெரிய எழுத்துகள். இப்போது அங்கே பெரிதாக என்ன தயாராகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இதே ஆற்றைத்தான், சில மைல் மேலே, ஒரு கிறிஸ்துமஸ் இரவில் சுதந்திரப் படை பனிக்கட்டிகளுக்கு நடுவே படகில் கடந்து வந்து ட்ரென்டனைப் பிடித்தது. அந்தப் படைத் தளபதிதான் பின்னால் முதல் ஜனாதிபதி.

ராகவன் சாருக்குச் சரித்திரம் என்றால் உயிர். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த செல்வியிடம் பேச்சுக் கொடுக்க அதுதான் வழி என்று நினைத்தாரோ என்னவோ, ஆரம்பித்துவிட்டார். பதின்மூன்று காலனிகளும் 1776இல் பிரகடனம் செய்து, போரிட்டு, 1783இல் பிரிட்டனோடு உடன்படிக்கை ஆயிற்று. அதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் போர்க்காலத்திலேயே அவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட முதல் ஏற்பாடு எதற்கும் உதவாமல் போயிற்று. சிறிதோ பெரிதோ, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அந்த ஏற்பாட்டில் ஒரு வரியை மாற்றவேண்டும் என்றாலும் பதின்மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிப் பொருள்களுக்கு வரி போடலாம் என்றார்கள். ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் முடியாது என்றது. கதை முடிந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. அவர்கள் கோபத்தில் பிலடெல்பியாவுக்கு வந்து, சபை கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நாட்டின் காங்கிரஸ் சபை ஊரைவிட்டே கிளம்பி, பிரின்ஸ்டனில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் போய்க் கூடியது.

அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு அதன் முன்னால் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். ஒரு அரசாங்கம் ஓடி வந்து தங்கிய இடம் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

“சோ, யுனானிமஸ் ரூல் வச்சா ஒரு கன்ட்ரியே ஓடாது, ஒரு ஸ்கூல் எப்படி ஓடும்?” என்றார் ராகவன் சார். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. செல்வி பிடிகொடுக்கவில்லை. ரோட் ஐலண்டுக்காரர் பக்கத்துக் கதையை யாராவது கேட்டார்களா என்று மட்டும் கேட்டாள்.

டிக்கெட் பார்க்க வந்த கண்டக்டர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சொன்னேன். தான் பிலடெல்பியாவிலேயே பிறந்தவன், இன்றுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்றார் சிரித்துக்கொண்டே. எனக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. நான் மலைக்கோட்டை உச்சிக்கு முதன்முதலாக ஏறியது கல்யாணமாகி, வெளியூர் மாப்பிள்ளைக்குச் சுற்றிக்காட்டப் போனபோதுதான்.

பத்தே முக்காலுக்கு நகர மையத்தில் இறங்கினோம். மார்க்கெட் தெருவில் கிழக்கே ஆறு பிளாக் நடை. உள்ளே போகக் கட்டணமில்லை, முன்பதிவுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டாலர். பெல்ட்டைக் கழற்று, பையைத் திற என்று விமான நிலையத்தைப் போலச் சோதனை. மைசூர்பாகு டப்பாவைக் காவலர் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். இனிப்பு என்றேன். மூடிக் கொடுத்துவிட்டார்.

செங்கல் கட்டடம், மேலே வெள்ளைக் கோபுரம். படத்தில் பார்த்து நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. இந்த இடத்தைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டியான ஓர் அம்மையார் முப்பது பேராக எங்களைச் சேர்த்து அழைத்துப் போனார். முதலில் ஒரு நீதிமன்ற அறை, பிறகு எதிரே அந்த அறை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். பச்சைத் துணி விரித்த மேசைகள், இறகுப் பேனாக்கள், மெழுகுவர்த்தித் தண்டுகள், மர நாற்காலிகள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். எல்லோரும் அன்றைய சபைத் தலைவரின் நாற்காலியைப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அந்த அம்மையார் நன்றாகச் சொன்னார். 1787ஆம் ஆண்டுக் கோடைக்காலம் முழுக்க, பேசுவது வெளியே போகக்கூடாது என்று கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஏற்பாட்டைத் திருத்தப்போகிறோம் என்று சொல்லி வந்தவர்கள் புதிதாக ஒன்றையே எழுதிவிட்டார்கள். ஜனத்தொகைப்படிதான் பிரதிநிதிகள் என்று பெரிய மாநிலங்கள். அப்படியானால் எங்களை விழுங்கிவிடுவீர்கள், எல்லோருக்கும் சமமாக வேண்டும் என்று சின்ன மாநிலங்கள். அந்தச் சின்னவர்களுக்காகத் திட்டம் எழுதிக் கொண்டுவந்தது யார் தெரியுமா, எங்கள் நியூ ஜெர்சி. செல்வி என்னை முழங்கையால் இடித்தாள். கடைசியில் இரண்டு சபை என்று முடிவாயிற்று. ஒன்றில் தலையெண்ணிக்கை, மற்றதில் மாநிலத்துக்கு இரண்டு பேர். அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களில் ஐந்து பேரை மூன்று பேர் என்று தலையெண்ணிக்கையில் சேர்த்ததும் இதே அறையில்தான். அதைச் சொல்லும்போது அம்மையாரின் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரைப் பற்றிப் பேச்சோ அவர்களில் ஒருவர்கூட அறைக்குள் இல்லை.

இன்னொன்றையும் சொன்னார். புதிய சட்டம் நடைமுறைக்கு வரப் பதின்மூன்று மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒன்பது போதும் என்று எழுதிவிட்டார்கள். ஏகமனதை விட்டுவிட்டார்கள். ராகவன் சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

கேள்வி இருக்கிறதா என்றபோது செல்வி கை தூக்கினாள். ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். கடைசி நாள்வரை கூடவே இருந்து, கையெழுத்துப் போட மறுத்தவர்கள் மூன்று பேர் என்றார் அம்மையார். ஜனங்களுக்கு இன்னின்ன உரிமை உண்டு என்று இதில் எழுதவில்லையே என்பது அவர்கள் சொன்ன முக்கியமான குறை. அவர்களை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. ஒருவர் பிற்பாடு இந்த நாட்டுக்கே துணை ஜனாதிபதி ஆனார். அவர்கள் கேட்ட உரிமைகளும் சில வருடங்களில் சட்டத்தில் சேர்ந்தன. செல்வி நன்றி சொன்னாள்.

பன்னிரண்டரைக்குக் கட்டடத்தின் பின்பக்கத்து மர நிழலில் உட்கார்ந்தோம். பிரகடனத்தை ஜனங்களுக்கு முதன்முதலாக உரக்கப் படித்துக் காட்டிய திடல் அது. செல்வி எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தாள், மூன்று பேருக்குப் போதுமான அளவு. சார் வருவார் என்று தெரிந்திருந்தால் தயிர் சாதமும் கட்டியிருப்பேன் என்றாள். அது எனக்குச் சொன்னது. நான் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் மைசூர்பாகை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “இத வாங்கிட்டா அப்புறம் பேச முடியாதுங்க்கா. முதல்ல பேசிப்போடலாம்” என்றாள். பிறகு ராகவன் சார் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவரிடம் நேருக்கு நேர் சொன்னது அன்றுதான்.

செல்வியின் மகள் யாழினி பத்து வயதில் பெரிய சங்கத்தின் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே எழுத்துத் தேர்வு வைத்துத்தான் வகுப்பு. பிள்ளை வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். அவளுக்கு நாற்காலிகூடச் சிறியது. மூன்று வாரம் போனாள். நாலாவது வாரம் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று அழுதாள். செல்வி போய்ப் பேசியபோது, ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். எங்கள் சங்கம் பிரிந்ததற்கு மேடை, மாலை, மைக் என்று பல காரணம் சொல்வார்கள். பள்ளி பிரிந்ததற்குக் காரணம் அந்தப் பிள்ளை. எங்கள் பள்ளியில் வயதுதான் வகுப்பு. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம்.

அந்தச் சமயத்தில் ராகவன் சார் செயலாளர் இல்லை, ஆனால் அந்தத் தேர்வைத் தயாரித்த குழுவில் இருந்தாராம். அதை அவராகவே சொன்னார். யாழினி என்ற பெயரே தனக்கு ஞாபகமில்லை என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பேரம்தான். அவர் பள்ளிக் குழுவில் உங்களுக்கு ஓர் இடம் என்றார். செல்வி சரிபாதி என்றாள். முந்நூறும் முப்பதும் எப்படிச் சமமாகும் என்று அவர் கேட்க, உள்ளே இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டீர்கள் என்று நான் குறுக்கிட்டேன். பக்கத்துக் கட்டடத்தில், புதிய அரசாங்கம் பத்து வருடம் கூடிய இடத்தையும் போய்ப் பார்த்தோம். கீழ்த்தளத்தில் தலையெண்ணிக்கைச் சபை, மாடியில் சமச் சபை. மாடிப்படி இறங்கும்போது ராகவன் சார் ஒரு வழி சொன்னார். பணம், விழா, கட்டடம் எல்லாம் எண்ணிக்கைப்படி. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதை மட்டும் இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்து முடிவுசெய்வது. தன்னைவிட இரண்டு வயதுக்குமேல் சின்னப் பிள்ளைகளோடு யாரையும் உட்கார வைப்பதில்லை என்று விதியாகவே எழுதிவிடுவது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எதிரே வைத்திருக்கும், விரிசல் விட்ட சுதந்திர மணியையும் பார்த்துவிட்டு நாலரை ரயிலைப் பிடித்தோம். ஏசி பெட்டியில் உட்கார்ந்ததும் ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அப்புறம் ஏகமனதாக என்று போட்டுவிடலாம்தானே என்றார். நியூ ஜெர்சி மாநிலம் புதிய சட்டத்தை ஏகமனதாகவே ஏற்றுக்கொண்டது என்று ஒரு தகவலும் சொன்னார். செல்வி சிரித்தாள்.

“சார், இனி என்னைய கன்வின்ஸ் பண்ணாதீங்க. இந்த ஏகமனது விதிய எடுக்கறதுக்கு நாளைக்கு நானும் கை தூக்கறனுங்க. அதுக்கு என் ஓட்டு உங்களுக்கு வேணும்ல? ஆனா இணைக்கறதுக்கு எப்படி ஓட்டுப் போடறதுங்கறது என் இஷ்டமுங்க.”

அவர் தலையாட்டினார். அதன் பொருள் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த விதி இருக்கும்வரை செல்வியின் ஒரு கை எட்டுக் கைகளுக்குச் சமம். தோற்பதற்கான வழியை அவளே திறந்துவிடுகிறேன் என்கிறாள். ட்ரென்டனில் வண்டி மாறும்போது அவளிடம் மெதுவாகக் கேட்டேன், கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று. “நாளைக்குப் பார்க்கலாங்க்கா” என்றாள். ஆறு மணிக்கு வீட்டில் இருந்தோம். மைசூர்பாகை என் கணவர் தின்று தீர்த்தார்.

மறுநாள் மாலை எங்கள் அபார்ட்மென்ட்டின் கிளப் ஹவுஸில் செயற்குழு கூடியது. ராகவன் சார் விருந்தினராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் தீர்மானம், ஏகமனது விதியை நீக்குவது. ஒன்பது கைகளும் எழுந்தன. இரண்டாவது, பள்ளிகளை இணைப்பது. எட்டுக் கைகள். எதிர்ப்பவர்கள் என்று கேட்டேன். இந்தச் சங்கத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. செல்வி நிதானமாகக் கையைத் தூக்கினாள்.

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. திருச்சியில் என் அப்பா ஆயுசு முழுக்கக் குடியிருப்போர் சங்கத்தில் இருந்தவர். மாதாமாதம் வீட்டு முற்றத்தில் கூட்டம் நடக்கும். ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதுவார்கள். வேண்டாம் என்றவர் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். இப்படித்தான் நான் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டேன். செல்வியும் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். விதி எழுதியாகிவிட்டதே, பிறகும் ஏன் என்று ராகவன் சார்தான் கேட்டார், கோபமில்லாமல்.

“இனி வர்ற புள்ளைங்களுக்கு விதி இருக்குதுங்க சார், சந்தோசம். ஆனா எம்பொண்ணு அழுதப்ப, இது தப்பு, வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலைங்களே. அதுக்கு என்ர ஓட்டு. மத்தபடி எனக்கு யார் மேலயும் வருத்தமில்லைங்க. செப்டம்பர்ல எனக்கு எந்த கிளாஸ்னு மட்டும் சொல்லுங்க.”

ராகவன் சார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, மூணாம் வகுப்புக்கு டீச்சர் இல்லை என்றார். சரிங்க என்றாள் அவள். நான் லேப்டாப்பைத் திறந்து, எட்டுப் பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, தீர்மானம் நிறைவேறியது என்று தட்டினேன். செல்வி நாற்காலியோடு நகர்ந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

“ஒருவர்னு போடாதீங்க்கா. என் பேரப் போடுங்க.”

போட்டேன்.